துணிவும் கணக்கும்

ஆண்டுதோறும் தேர்வு அணுகுங்கால் நம் கல்லூரி விடுதியிலே பிரிவு விருந்து நிகழ்வதை நேயர் அறிவர். அவ்விருந்தில் பேச எழுவோர் பலரும் தவறாது கூறும் அறிவுரை ஒன்றுண்டு. ‘துணிந்து வாழுங்கள், உள்ளத்தெழுந்த கனவை விடாது தொடருங்கள், பின்னர் வருந்தாதிருங்கள்’ என்பதே அது. கேட்போர் கைகொட்டுவர்; பேசினோர் அமர்வர்; இலையும் எடுக்கப்படும். மறுநாட் காலையிற் பெட்டியைச் சுமந்துகொண்டு ரயிலடிக்குச் செல்லும் மாணவன் உள்ளத்தில் மட்டும் ஒரு வினா எஞ்சிநிற்கும். துணிதல் என்பது யாது? எதனைச் செய்தால் ஒருவன் துணிந்தவனாவான்? எவ்வாறு செய்தால் பின்னர் வருந்தாதிருப்பான்? இவற்றிற்கு விருந்தில் விடை கிடைப்பதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு பாழ்ங்கிணற்றிற் குதிப்பவனையும் உலகம் துணிந்தவன் என்கிறது. கண்ணைத் திறந்துகொண்டு கடலிற் கலஞ் செலுத்துபவனையும் துணிந்தவன் என்கிறது. சொல் ஒன்று, பொருளோ இரண்டு. இவ்விரண்டனையும் வேறுபிரித்தறியாமையாலேயே இளைஞருட் சிலர் வீணே கெடுகின்றனர். பலர் அஞ்சி ஒன்றுஞ் செய்யாதிருந்துவிடுகின்றனர்.

இவ்வினா எனக்குப் புறத்தே நின்ற வினாவன்று. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்பியபோது, என் தாய்மாமன், “தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய், தம்பி?” என்று கேட்டார். தந்தையார் ஒன்றும் கூறாதிருந்தார். அவர் மௌனம் மாமனார் வினாவினும் கனமாயிருந்தது. யான் இக்கல்லூரியில் தமிழ் வகுப்பிற் சேர்ந்தேன். எனினும், எவருமறியாது, வேறோரிடத்தில் வேறொரு பாடத்துக்கு இடம்பெற முயலும் எண்ணத்தையும் கைவிட்டேனல்லேன். அதற்குரிய நூல்கள் என் பெட்டியின் அடியிற் கிடந்தன. பகலில் இலக்கணமும், இரவில் அப்பெட்டியுமாக முதற்பருவம் கழிந்தது. பருவத்தேர்வில் இரண்டும் என்னைக் கைவிட்டன. அந்நாட்களில் நூல்நிலையத்திலே தற்செயலாக என் கையிற் கிடைத்தது நார்வே தேசத்துப் பெரியார் பிரித்யோவ் நான்சன் எழுதி, 1897-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த துருவப் பயண நூல். அவர் வாழ்விலே என் வினாவுக்கு விடை இருக்கக் கண்டேன். அதனை ஈண்டு விளக்க முயல்வேன்.

மீளும் வழியில்லாத் தொடக்கம்

நான்சன் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், இக்காலத்து ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரின் அருகே பிறந்தவர். தந்தையார் வழக்கறிஞர். இளமையிலேயே பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிக் காடும் மலையும் திரிவதில் வல்லவரானார். பல்கலைக்கழகத்தில் விலங்கு நூல் கற்றார். பெர்கன் நகரப் பொருட்காட்சிச் சாலையில் உத்தியோகம் ஏற்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் நரம்புகளின் அமைப்பை ஆராய்ந்து, 1888-இல் டாக்டர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சியை நிறைவேற்றினார். அமைதியாக வாழ்ந்து பெயர் பெறுதற்கு வேண்டியவெல்லாம் அவர்க்கு அமைந்திருந்தன. ஆயினும், பட்டத்திற்குரிய விவாதம் நிகழ்ந்த சில நாட்களிலேயே அவர் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டார்.

கிரீன்லாந்து என்பது பெரும்பகுதி பனிக்கட்டியால் மூடுண்ட பெருந்தீவு. அதன் உள்நாட்டை ஒரு கரையினின்று மறுகரைவரை அதுகாறும் எவரும் கடந்திலர். முன்னர் முயன்ற நார்டன்ஷெல்டு, பியரி முதலியோர் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்று, பாதி வழியில் மீண்டனர். நான்சன் அத்திசையையே மாற்றினார். மக்கள் மிக அரிதாகவே வாழ்ந்த கிழக்குக் கரையில் இறங்கி, மேற்கு நோக்கிச் செல்வதென்று முடிவு செய்தார். பலர் இதனைப் பித்தர் செயல் என்றனர். பெர்கன் பத்திரிகையொன்று, நான்சன் பனிப்பரப்பிலே சறுக்கு விளையாட்டுக் காட்டப்போவதாகவும், பார்வையாளர்க்குப் பனிப்பிளவுகளில் ஆசனம் உண்டென்றும், ஆதலால் மீள்வதற்குச் சீட்டு வாங்க வேண்டுவதில்லையென்றும் எள்ளி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நார்வே அரசாங்கம் பொருளுதவி மறுத்தது. டென்மார்க்கு தேசத்து வணிகர் ஒருவரே பொருள் தந்தார்.

நான்சன் கொண்ட காரணத்தைச் சிறிது நோக்குவோம். மேற்கினின்று புறப்பட்டவன் மறுகரையை அடைந்தாலும் அங்கே அவனை எதிர்கொள்வார் ஒருவருமில்லை. வந்த வழியே முழுதும் திரும்ப வேண்டும். ஆகவே, உணவும் உழைப்பும் இருமடங்கு வேண்டும். களைப்பு மேலிட்ட ஒவ்வொரு நாளும், பின்னே விட்டுவந்த ஊரின் அடுப்பு அவனை அழைத்துக்கொண்டேயிருக்கும். கிழக்கினின்று புறப்பட்டவனுக்கோ உணவும் உறைவிடமும் முன்னே உள்ளன, பின்னே யாதுமில்லை. அவன் களைக்குந்தோறும் முன்னோக்கியே விரைவான். எனவே, மேலோர்க்குப் பித்தாகத் தோன்றியது, உண்மையில் உணவுக் கணக்கும் மனத்தின் கணக்கும் ஆம்.

1888 ஜூலை 17-ஆம் நாள் நான்சனும் துணைவர் ஐவரும் கப்பலைவிட்டுப் படகுகளில் இறங்கினர். அவ்வைவருள் இருவர் லாப்லாந்து மக்கள். மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைக் கரையடைய விடாது பன்னிரண்டு நாட்கள் தெற்கே இழுத்துச் சென்றன. கரையேறிய பின்னர், இழந்த தூரத்தைப் படகு வலித்து மீட்டனர். ஆகஸ்டு நடுப்பகுதியிற் பனிமேட்டில் ஏறத் தொடங்கி, 2,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தையும், உறைநிலைக்குக் கீழ் 40 பாகைக்கு மேற்பட்ட குளிரையும் கடந்து, அக்டோபர் 3-ஆம் நாள் மேற்குக் கரையிலுள்ள காட்ஹாப் என்னும் ஊரை நான்சன் அடைந்தார். அவ்வாண்டின் இறுதிக் கப்பல் போய்விட்டமையால் குளிர்காலத்தை அங்கேயே கழிக்க நேர்ந்தது. அதனையும் அவர் வீணாக்கவில்லை. அந்நாட்டு இன்யூட் மக்களோடு பழகி, கயாக் என்னும் தோற்படகைச் செலுத்தவும், குளிரில் வாழவும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் உயிரைக் காத்தது அக்கல்வியே.

கால்சட்டையிற் பிறந்த கனவு

கனவென்பது வானத்தினின்று வீழ்வதொன்றெனப் பலர் எண்ணுகின்றனர். நான்சனது பெருங்கனவு ஒரு பழைய கால்சட்டையிலிருந்து பிறந்தது. ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியால் நெரிக்கப்பட்டு மூழ்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1884-இல், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையோரத்தே, பனிக்கட்டியின்மீது அக்கப்பலின் பொருள்கள் சில காணப்பட்டன. அவற்றுள் மாலுமியொருவன் பெயர் எழுதப்பெற்ற கால்சட்டையும் ஒன்று. அவை அங்கே வந்தது எவ்வாறு? துருவக் கடலின் பனிக்கட்டி, சைபீரியாப் பக்கத்தினின்று கிரீன்லாந்துப் பக்கமாக மெல்ல நகர்தல் வேண்டுமென்று மோன் என்னும் நார்வே அறிஞர் எழுதினார். அதனைப் படித்த நான்சனுக்கு ஓர் எண்ணம் உதித்தது. கால்சட்டை செல்லக்கூடிய வழியிற் கப்பல் ஏன் செல்லலாகாது?

அதுவரை துருவத்தை நாடினோர் அனைவரும் பனிக்கட்டியைப் பகையாகக் கருதி அதனோடு பொருதனர். நான்சனோ அதனையே ஊர்தியாகக் கொள்ள நினைத்தார். கப்பலை வேண்டுமென்றே பனியிற் சிக்கவைத்து, அப்பனி செல்லும் வழியே தாமும் செல்வதென்பது அவர் திட்டம். 1892-இல் இலண்டன் மாநகரத்துப் பூகோள சங்கத்தில் அவர் இதனை விளக்கியபோது, துருவப் பயணத்தில் நரைத்த பெரியோர் பலர் மறுத்துரைத்தனர். அமெரிக்காவின் கிரீலி என்பார் இஃது அறிவற்ற முயற்சியென்று எழுதினார். அவர்கள் அனுபவமில்லாதவரல்லர், பனியில் உயிர்கள் அழிந்ததைக் கண்டவர்கள். ஆதலின், நான்சன் அவர்களை இகழவில்லை. விடையாகக் கப்பலொன்றைக் கட்டுவித்தார்.

காலின் ஆர்ச்சர் என்னும் கப்பற் கலைஞர் சமைத்த அக்கலத்திற்குப் ‘பிராம்’ என்று பெயரிட்டனர்; ‘முன்னோக்கி’ என்பது அதன் பொருள். அதன் வடிவம் விரைவுக்கு ஏற்றதன்று. அடிப்பக்கம் உருண்டு திரண்டு, பாதித் தேங்காய்போல் அமைந்திருந்தது. இரு பக்கமும் பனிக்கட்டி நெருக்குங்கால், பற்றுதற்கு இடமின்மையாற் கப்பல் நசுங்காது மேலெழும்பிவிடும். சுக்கானையும் சுழல்விசிறியையும் மேலே தூக்கிக்கொள்ள இயலும். உள்ளே குளிர் புகாதவாறு மரமும் தக்கையும் மயிரும் அடுக்கடுக்காக இடப்பட்டன. இருள் நீங்காத குளிர்காலத்தில் மின்விளக்கு எரிதற்கு மேற்றளத்திற் காற்றாலை ஒன்றும் நிறுவப்பட்டது. உணவு ஐந்தாண்டுகளுக்கு ஏற்றப்பட்டது, சென்றதோ பதின்மூவரே. கனவு கண்டவர் ஒருவர். அக்கனவின் ஒவ்வொரு ஆணியையும் எண்ணிப் பார்த்தவரும் அவரே.

1893 ஜூன் 24-ஆம் நாள் பிராம் கிறிஸ்தியானியாவை விட்டுப் புறப்பட்டது. செப்டம்பர் மாதத்திற் பனியில் உறைந்தது. நெருக்கும் பனிக்கட்டிகள் இடிபோல் முழங்கின. கணக்கிட்டவாறே கப்பல் மேலெழும்பி நின்றது.

திரும்பும் துணிவு

ஆயினும், பனி மிக மெல்ல நகர்ந்தது. கப்பல் துருவத்தின் வழியே செல்லாது, அதற்குத் தெற்கே ஒதுங்கிச் செல்லும் என்பதும் புலனாயிற்று. அப்போது நான்சன் இன்னொரு முடிவு செய்தார். ஸ்வெர்த்ரூப் என்பவரிடம் கப்பலை ஒப்புவித்து, யோஹான்சன் என்னும் ஒரே துணைவரோடு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் துருவம் நோக்கிப் புறப்படுவதென்பது அம்முடிவு. கப்பல் ஓரிடத்தில் நில்லாது நகர்வதாகலின், விட்டுச் சென்றோர் அதனை மீளக் காண்டல் அரிது. ஈண்டும் பின்வழி இல்லை. முதன்முறை புறப்பட்டபோது வண்டி முறிந்தது. மறுமுறை சுமை மிகுந்தது. இருமுறையும் கப்பலுக்குத் திரும்பிச் சுமையைக் குறைத்து, 1895 மார்ச்சு 14-ஆம் நாள், 28 நாய்களும் மூன்று வண்டிகளும் இரண்டு கயாக்குகளும் கொண்டு மூன்றாம் முறை புறப்பட்டனர்.

ஏப்பிரல் 8-ஆம் நாளளவில் அவர்கள் நின்ற இடம் 86 பாகை 14 கலை வட அட்சம். அதற்குமுன் மனிதர் சென்றிருந்த எல்லையை ஏறக்குறைய மூன்று பாகை கடந்திருந்தனர். அம்முன்னெல்லையை 1882-இல் எட்டியவர், நான்சனை மறுத்த கிரீலியின் குழுவினரே. துருவத்துக்கு இன்னும் சுமார் 420 கிலோமீட்டர் இருந்தது. நான்சன் பனிச்சறுக்குக் கட்டையிற் சிறிது முன்சென்று வடக்கே நோக்கினார். கண்ணுக்கெட்டிய தூரம் பனிப்பாறைகள் ஒன்றன்மேலொன்றாகக் குவிந்து கிடந்தன. உணவையும், நாய்களின் வலிமையையும், கோடையிற் பனி உடையுமுன் நிலத்தை அடைய வேண்டிய நாட்களையும் கணக்கிட்டார். தெற்கே பிரான்சு ஜோசப் நிலம் நோக்கித் திரும்பினார்.

என் கருத்தில், அவர் வாழ்வின் பெருந்துணிவு இதுவே. பல்லாண்டு கண்ட கனவு அண்மையிலிருக்க, உலகமெல்லாம் வெற்றியை எதிர்நோக்கியிருக்க, ‘இனிச் செல்லுதல் அறிவன்று’ என்று கூறித் திரும்புதற்கு வேண்டிய உரம், முன்செல்லுதற்கு வேண்டிய உரத்தினும் பெரிது. ‘மீளும் வழி வேண்டா’ என்றவரே திரும்பினாரே, இது முரணன்றோ எனின், அன்று. கடுமை கண்டு அஞ்சித் திரும்புதல் வேறு; கணக்குக் கண்டு திரும்புதல் வேறு. அவர் எரித்தது சோம்பலுக்குரிய வழியை. அறிவுக்குரிய வழியை அன்று.

திரும்பும் வழியும் எளிதன்று. ஒருநாள் களைப்பு மிகுதியால் இருவர் கடிகாரங்களும் சாவி கொடுக்கப்படாது நின்றுவிட்டன. சரியான நேரம் அறியாதவழித் தாம் கிழக்கு மேற்கில் எவ்விடத்துள்ளோம் என்பதைத் திட்டமாக அறிதல் இயலாது. பல மாதம் அலைந்து தீவுகளை அடைந்தனர். குளிர்காலம் வந்துவிட்டமையாற் கல்லால் ஒரு குடில் கட்டி, வால்ரசு என்னும் கடல்விலங்கின் தோலைக் கூரையாக வேய்ந்து, கரடியின் ஊனை உண்டு, 1896 மே 19-ஆம் நாள்வரை அதனுட் கிடந்தனர். அதுகாறும் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என மரியாதையாக அழைத்து வந்தவர்கள், அக்குடிலிற் புத்தாண்டுக்கு முந்திய இரவிலேதான் ‘நீ’ என அழைத்துக்கொள்ள இசைந்தனர் என்பர்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த கயாக்குகள் இரண்டும் கட்டவிழ்ந்து கடலில் மிதந்து சென்றன. உணவும், துப்பாக்கியும், உடையும் அவற்றிலேயே இருந்தன. நான்சன் உறைநீரிற் குதித்து நீந்தி, கைகால் மரத்துப்போன நிலையில் அவற்றைப் பற்றி ஏறினார். குதித்தால் இறக்கலாம், குதியாவிடின் இருவரும் இறப்பது உறுதி. நொடிப்பொழுதில் அவர் போட்ட கணக்கு அது. சின்னாட்களில், ஜூன் 17-ஆம் நாள், நாய் குரைக்கும் ஒலி கேட்டு நடந்து, அத்தீவிலே தங்கியிருந்த ஜாக்சன் என்னும் ஆங்கிலேயரைச் சந்தித்தார். ஆகஸ்டு 13-ஆம் நாள் இருவரும் நார்வேயின் வார்டோ துறையில் இறங்கினர். அதே நாளிற் பிராம் பனியினின்று விடுபட்டது என்பது வியப்புக்குரியது. சென்ற பதின்மூவரும் உயிரோடு மீண்டனர். துருவம் எட்டப்படவில்லை, ஆயினும், துருவக் கடல் ஆழமானதென்பதும், அதன் பனி நகர்கின்றதென்பதும் ஐயமற நிறுவப்பட்டன.

வருந்தாமை என்பது யாது?

இவ்வளவு துணிந்து வாழ்ந்தவர்க்கு வருத்தமே இல்லையோ? உண்டு. அதனை மறைத்தெழுதின் இக்கட்டுரை பொய்யாகும்.

உணவு குறையக் குறைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்றை நாய்களுக்கு இட்டனர். உண்மையுடன் உழைத்த விலங்குகளுக்குச் செய்த அக்கொடுமையை அவர் தம் நூலில் மறைக்கவில்லை. பயணம் புறப்பட்டபோது வீட்டில் மனைவி ஏவாவையும், பிறந்து சில மாதமே ஆன பெண்மகவையும் விட்டுச் சென்றார். மூன்றாண்டு அவர்கள் செய்தியறியாது காத்திருந்தனர். பின்னர் 1906 முதல் இலண்டனில் நார்வேயின் தூதராக இருந்த காலத்தில், 1907 டிசம்பரில் ஏவா நோயுற்றார். செய்தி கேட்டு விரைந்த நான்சன் வந்துசேருமுன் அவ்வம்மையார் உயிர் நீத்தார். தென்துருவத்துக்குப் பிராம் கப்பலிற் செல்லும் கனவும் நான்சனுக்கு நெடுநாளாக இருந்தது. இளையவரான அமுண்ட்சன் வந்து அக்கப்பலை வேண்டியபோது, தம் கனவை அடக்கிக்கொண்டு அதனைக் கொடுத்தார். அக்கப்பலிற் சென்றே 1911 டிசம்பர் 14-ஆம் நாள் அமுண்ட்சன் தென்துருவத்தை அடைந்தார். பனிக்குடிலில் உடனிருந்த யோஹான்சனின் பிற்கால வாழ்வோ பெருந்துயரில் முடிந்தது. துணிந்தார் அனைவர்க்கும் இன்பமே கிட்டும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே, வருந்தாமை என்பது துயரின்மை அன்று. இழப்புக்காகத் துயருறுதல் மனிதர்க்கு இயல்பு. ‘எண்ணிப் பாராது செய்தேனே’ என்பதும், ‘எண்ணியும் அரைமனத்தோடு செய்தேனே’ என்பதுமாகிய இரண்டே உள்ளத்தை அரிக்கும் வருத்தங்கள். இவ்விரண்டும் இல்லாதவன், கனவு கைகூடாவிடினும் தலைநிமிர்ந்து நிற்பான்.

அவ்வாறு நின்றவர்க்கு அடுத்த பணியும் தானே வந்தெய்தும். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920-இல், சர்வதேச சங்கத்தார் போர்க்கைதிகளை ஊர் சேர்க்கும் பொறுப்பை நான்சனிடம் ஒப்புவித்தனர். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் குறைந்த பொருளைக்கொண்டு இரண்டாண்டிற்குள் அவர் வீடு சேர்த்தார். 1921-இல் ரஷ்யாவிற் பெரும்பஞ்சம் நேர்ந்தபோது ஜெனீவா நகரில் அரசுகளிடம் உதவி வேண்டினார், அரசுகள் மறுத்தன. சோர்ந்தாரல்லர், அறநிலையங்களையும் பொதுமக்களையும் நாடிப் பொருள் திரட்டினார். நாடிழந்த அகதிகளுக்கு 1922-இல் அவர் ஏற்படுத்திய அடையாளச் சீட்டு ‘நான்சன் பாஸ்போர்ட்டு’ என்று வழங்கிற்று. காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. அவ்வாண்டே நோபெல் அமைதிப் பரிசு அவரை நாடி வந்தது. அப்பொருளையும் துயர்தீர்க்கும் பணிக்கே செலவிட்டார். அகதிகளான ஆர்மீனியரைக் குடியமர்த்த அவர் வகுத்த திட்டம் அரசுகளின் உதவியின்மையால் நிறைவேறவில்லை. 1930 மே 13-ஆம் நாள் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். பனியில் துருவத்தை எட்டாது திரும்பியவரே, வீடிழந்தோரை வீட்டுக்குத் திருப்பியவருமானார்.

மாணவர்க்கு உரியது

1926-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்து மாணவர்முன் நான்சன் நிகழ்த்திய உரையிற் பின்வாங்கும் வழியைப் பாதுகாத்து வைத்தல் ஒரு கண்ணி போல்வதென்று எச்சரித்தார். முன்னும் பின்னும் நோக்கி நிற்பவன் எவ்விடமும் சேரான் என்பது அவர் கருத்து. அதே மனிதர் ஐந்தாண்டு உணவைக் கணக்கிட்டுக் கப்பலில் ஏற்றியவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. கோபுரங் கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்கிடாதவன் நகைப்புக்கிடமாவான் என்னும் உவமையை நம் வேதபாட வகுப்பிற் கேட்டிருக்கிறோம். திருவள்ளுவரும் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை முன்வைத்து, ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, வினைத்திட்பம் என்பவற்றை அதன்பின்னரே வைத்தார். அம்முறைவைப்பே ஒரு பாடமாகும். கணக்கு முன்னது; துணிவு பின்னது. கணக்கில்லாத் துணிவு வெறி. துணிவில்லாக் கணக்கு வெறுந்தாள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நான்சன் செல்வர் வீட்டுப் பிள்ளை. கடன்பட்ட குடும்பத்தில் மூத்த மகனாய்ப் பிறந்து, தம்பி தங்கையரைக் காக்க வேண்டியவன் மீளும் வழியை அடைத்தல் தகுமோ? தகாது. அவன் போடும் கணக்கில் அத்தம்பியும் தங்கையும் முதல் வரியில் நிற்றல் வேண்டும். அக்கணக்கின்படி அவன் தன் கனவைச் சில்லாண்டு ஒத்திவைப்பினும், முற்றும் விடுப்பினும், அறிந்து விடுப்பானாயின் அவனும் துணிந்தவனே. பிராம் கப்பலைப் பிறர்க்குக் கொடுத்த நாளில் நான்சன் செய்ததும் அதுவன்றோ? கோழைமை என்பது கனவை விடுதலன்று. விடவும் மாட்டாது, தொடரவும் மாட்டாது நிற்றலே.

யான் அவ்வாறு நின்றவன். நூலைப் படித்து முடித்த வாரத்தில் ஒரு தாளை எடுத்துக் கணக்கொன்று எழுதினேன். இன்னும் எத்துணை ஆண்டு படிக்க வேண்டும், எவ்வளவு பொருள் செலவாகும், ஆசிரியப் பயிற்சிக்கு எப்போது செல்லலாம், இடையில் மாலைநேரத்திற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி எவ்வளவு ஈட்டலாம் என்பனவெல்லாம் அதில் அடங்கின. விடுமுறையில் ஊர் சென்று அதனைத் தந்தையாரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து இருமுறை படித்தார். “செலவிலே ரயில் கட்டணத்தை விட்டுவிட்டாயே” என்றார். பின்னர்ப் பென்சிலால் அதனைத் தாமே எழுதிச் சேர்த்து, தாளை மடித்து என் கையிற் கொடுத்தார். அவர் மௌனத்திற்குப் பொருள் அன்றே விளங்கியது. அவர் தடுத்தது என் கனவையன்று; கணக்கில்லாமையையே. திரும்பி வந்ததும், பெட்டியின் அடியிற் கிடந்த அந்நூல்களை அவற்றை விரும்பிய ஒரு தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு தொல்காப்பியத்தை விரித்தபோது, அந்நூல் முன்னினும் எளிதாயிருந்ததென்று கூறேன். ஆயின், என் முழுமனமும் அதன்முன் இருந்தது.

இறுதித் தேர்வில் யான் வெல்வேனோ தோற்பேனோ அறியேன். என் 86-ஆம் பாகை எங்கே உள்ளதென்பதும் அறியேன். அவ்விடத்தை அடையுங்கால் கணக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டின் திரும்புவேன். அரைமனத்தோடு சென்றேன் என்னும் பழி மட்டும் என்மீது சாராது.

ஆகவே, இவ்வாண்டு நம் விடுதியினின்று பெட்டியைச் சுமந்து ரயிலடிக்குச் செல்லும் அண்ணன்மாரே! விருந்திற் கேட்ட அறிவுரையை எடுத்துச் செல்லுங்கள். அதனோடு ஒரு தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் எண்ணுங்கள், எண்ணியபின் முழுமனத்தோடு இறங்குங்கள், இறங்கியபின் கரையை நோக்கி ஏங்காதீர்கள். கனவு கைகூடினும் கூடாவிடினும், வாழ்நாளின் மாலையில் நும் உள்ளம் நும்மை நோக்கிக் குறைகூறாது. துணிந்து வாழ்தல் என்பது அதுவே.